பென்சில் குறிப்புகளை அழிக்க மாட்டேன்

பழைய புத்தகத்தைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?" முடியும். ஆனால் செய்ய மாட்டேன். இதைச் சொல்லப் போய் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஓர் அண்ணனோடு வாட்ஸ்அப்பில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. அவருடைய அப்பாவின் புத்தகம். அப்பா எண்பது தாண்டிய ஓய்வுபெற்ற வக்கீல், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரெசர்வாயர் ஹில்ஸ் பக்கம் இருக்கிறார். நான் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே தமிழில் முழு வாக்கியம் பேசுகிற பெரியவர்கள் அருகிவிட்டார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் நான் விடுவதில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் தஞ்சாவூர்க்காரி. ஓலைச்சுவடியும் பழைய தாளும் பராமரிக்கிற வேலை அங்கே கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி டர்பன் வந்தபின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் பைண்டிங் செய்கிறேன். பெரும்பாலும் மாணவர்களின் ஆய்வேடு, கோயில் பாட்டுப் புத்தகம், தாத்தா பாட்டி காலத்து பைபிள். எப்போதாவதுதான் இந்த மாதிரி ஒன்று வரும்.

வந்தது யோஹன்னஸ் ஃபூட் என்ற டச்சுப் பேராசிரியர் ரோமாபுரிச் சட்டத்துக்கு லத்தீனில் எழுதிய உரை. 1680-லிருந்து லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். முதல் பதிப்பு 1698-லும் 1704-லும் இரண்டு தொகுதிகளாக வந்தது. என் மேசைக்கு வந்தது தி ஹேக் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான மறுபதிப்பு. ஃபோலியோ என்கிற பெரிய அளவு. இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தலைப்புப் பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக எழுத்துகள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல். அந்தக் கால பைண்டர்களுக்குத் தாள் வரிசை தவறாமலிருக்க அதுதான் வழிகாட்டி. எனக்கும் அதுதான் கைகொடுத்தது, ஏனென்றால் முதல் தொகுதியின் தையல் பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தது.

தாள் மட்டும் அற்புதம். துணிக் கந்தலை ஊறவைத்து இடித்துச் செய்த தாள். முந்நூறு வருஷம் ஆகப்போகிறது, புரட்டினால் இன்னமும் சலசலக்கிறது. டர்பன் இருக்கிற நேட்டால் பகுதியின் நூறு வருஷத்து அரசிதழ்கள் சில என்னிடம் உண்டு. மரக்கூழில் செய்த தாள், மடித்த இடத்தில் அப்பளமாக உடைகிறது. ஆனால் தோல் போய்விட்டது. கன்றுத்தோல் அட்டை செந்தூளாக உதிர்ந்து, தொட்டால் விரலெல்லாம் காவி நிறம். டர்பன் கோடையின் ஈரத்துக்குப் பூஞ்சணம் வேறு. உள்ளே இராமபாணப் பூச்சி துளைத்த வழி நாற்பது ஐம்பது பக்கத்துக்கு ஒரே கோடாகப் போகிறது.

பூச்சி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று நான் ஆராய்ச்சி செய்வதில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடக்கட்டும், முட்டை உட்பட செத்துவிடும். மாமியாருக்கு இது பிடிக்காது. "ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வாங்கின ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் யாரோ வெள்ளைக்காரன் புத்தகம்" என்று முணுமுணுப்பார். பசை கோதுமை மாவுதான். ஊரில் பழைய பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். நான் கலப்பதில்லை. பூச்சியை விரட்டுகிற செம்பு காலப்போக்கில் தாளையே தின்னும்.

சரி, புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது? இதைத் தாத்தா என் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து, டீயில் ரஸ்க் நனைத்துக்கொண்டே சொன்னார். நான் அப்புறம் தேடிப் படித்துச் சேர்த்துக்கொண்டதும் இதில் உண்டு.

ஜஸ்டினியன் என்ற ரோமானியப் பேரரசர் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து ஆண்டவர். தனக்கு முன்னால் பல நூற்றாண்டுகளாகச் சட்ட வல்லுநர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் ஒரே நூலாகச் சுருக்கச் சொன்னார். டிரிபோனியன் என்பவர் தலைமையில் ஒரு குழு மூன்றே வருஷத்தில் முடித்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் நூல்கள், முப்பது லட்சம் வரிகள், அதை ஒன்றரை லட்சம் வரிகளாக்கினார்கள் என்பது அவர்களே சொல்லிக்கொண்ட கணக்கு. 533 டிசம்பரில் வெளிவந்தது. ஐம்பது புத்தகங்கள் கொண்ட அந்தத் தொகுப்புக்கு டைஜஸ்ட் என்றும் பாண்டெக்ட்ஸ் என்றும் பெயர். இதற்கு யாரும் உரை எழுதக்கூடாது என்று பேரரசர் தடையும் போட்டார். ஃபூட் எழுதியது அந்த ஐம்பது புத்தகங்களுக்கும் வரிசையாக உரைதான். இதைச் சொல்லும்போது தாத்தாவுக்கு வக்கீல் சிரிப்பு ஒன்று வந்தது. எந்தத் தடையையும் மீற ஒரு வழி உண்டு என்கிற சிரிப்பு.

பேரரசு போயிற்று. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கைப்பிரதி பீசா நகரத்தில் இருந்து, 1406-ல் ஃபிளாரன்ஸ்காரர்கள் கைக்குப் போய், இன்றும் அங்கே இருக்கிறது. ஐரோப்பா முழுக்க இந்தச் சட்டத்தைப் படித்தார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கத்தோடு அதைக் கலந்து வைத்துக்கொண்டார்கள். 1652-ல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி அது தென்னாப்பிரிக்காவின் கேப் முனைக்கு வந்தது. 1806-ல் ஆங்கிலேயர் கேப்பைப் பிடித்தபோது சட்டத்தை மாற்றாமல் விட்டார்கள். பின்னால் நேட்டாலுக்கும் அதுவே வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நெப்போலியன் காலத்தில் ஹாலந்திலேயே புதுச் சட்டத் தொகுப்பு வந்து பழையது ஒழிந்துவிட்டது. பிறந்த வீட்டில் செத்த சட்டம் தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இன்றும் நடமாடுகிறது.

காந்தி லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தபோது, மற்றவர்கள் குறிப்பேடு வைத்துச் சமாளித்த ரோமன் சட்டத்தை அவர் லத்தீனிலேயே படித்தார். தென்னாப்பிரிக்காவின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு என்பதால் ஜஸ்டினியனைப் படித்தது இங்கே தனக்கு மிகவும் உதவியது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1894-ல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகச் சேர்ந்தார். தாத்தாவுக்கு இதில் தனிப் பெருமை. 1961-ல் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒரு கல்லூரி திறந்தது, டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில். படகில் போய்ப் படிக்க வேண்டும். தாத்தா அங்கே படித்தவர். லத்தீன் இல்லாமல் அட்வகேட் ஆக முடியாத காலம். 1990-களின் நடுவில்தான் அந்த விதி போயிற்று. "படகுலே ஆடிக்கிட்டே வினைச்சொல் மனப்பாடம் பண்ணுவோம் மா. எங்க அம்மா கூழு ஊத்துற நாளுலே மாரியம்மன் கோயில் வாசல்லேயும் அதேதான்." அவர் தமிழில் இன்னும் வட ஆற்காட்டு வாடை அடிக்கிறது.

புத்தகம் அவர் கைக்கு வந்த கதை சாதாரணமானது. பெர்சிவல் கேன் என்பவர் ஃபூட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து 1955 முதல் 1958 வரை டர்பனிலேயே தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். அப்புறம் லத்தீன் மூலத்தை யார் புரட்டப்போகிறார்கள்? ஒரு வக்கீல் அலுவலகம் இடம் மாறியபோது பழையதைக் கழித்துக் கட்டினார்கள். அங்கே குமாஸ்தாவாக இருந்த நம்மவர் ஒருவர் சில ராண்டுக்குத் தாத்தாவுக்குத் தள்ளிவிட்டார்.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன். மகன் அண்ணன் எதிர்பார்த்தது புதுத் தோல், தங்க எழுத்து, ஓரத்தில் உள்ள பென்சில் கிறுக்கலெல்லாம் அழித்துச் சுத்தமான பக்கம். அப்படி இருந்தால் ஐரோப்பாவில் நல்ல விலைக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பென்சிலைப் படித்துப் பார்த்தேன். அப்புறம் முடியாது என்று எழுதிவிட்டேன்.

ஒன்பதாம் புத்தகம், முதல் தலைப்பு. நெருக்கமான லத்தீன் பத்திகள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரே சொல்: "நாய்". சற்றுக் கீழே "மாடு, டோங்காட்". அதற்கும் கீழே ஆங்கில எழுத்தில் 1927.

வளர்ப்பு மிருகம் யாரையாவது காயப்படுத்தினால், சொந்தக்காரர் மேல் தப்பு இருக்கிறதோ இல்லையோ, அவர்தான் நஷ்டஈடு தர வேண்டும். இந்த விதி டைஜஸ்டுக்கும் முந்தியது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிவைத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே உண்டு. ரோமில் பணத்துக்குப் பதிலாக மிருகத்தையே பிடித்துக் கொடுத்துவிடலாம். 1927-ல் இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு நாய்க்கடி வழக்கில், விதி உயிரோடு இருக்கிறது, மிருகத்தைக் கொடுத்துத் தப்பிக்கிற சலுகை மட்டும் காலாவதி என்று தீர்ப்புச் சொன்னது. தாத்தா வெருலம், டோங்காட் பக்கம் நடத்திய நாய் வழக்குகளுக்கும் மாட்டு வழக்குகளுக்கும் இந்தப் பக்கம்தான் முதல். கிராமத்து ஆயா ஒருத்தி கணுக்காலில் கட்டோடு வந்து உட்கார்ந்தால், இவர் லத்தீனில் தொடங்குவாராம்.

2020-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இன்னும் பெரியது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு தோட்டவேலைக்காரரை மூன்று நாய்கள் குதறி, அவருடைய இடது கையையே எடுக்க வேண்டியதாயிற்று. யாரோ அத்துமீறிப் புகுந்து கேட்டைத் திறந்துவிட்டான், என் தப்பில்லை என்றார் நாய்க்காரர். பழைய விதிக்கு இன்னொரு விலக்குச் சேர்க்க நீதிமன்றம் மறுத்தது. நாய் வளர்க்கிறவன்தான் அதன் ஆபத்தையும் சுமக்க வேண்டும். தீர்ப்பில் ரோமும் வருகிறது, நவீன நகரத்து மதில்களும் வருகின்றன. பக்கத்து வீட்டுக்கு ஒரு நாய் வந்திருப்பதால் நான் இதைச் சற்று அக்கறையோடு படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே ஒன்பதாம் புத்தகத்தில் மூன்றாவது தலைப்பு, மாடியிலிருந்து கொட்டினது, எறிந்தது பற்றி. அடுக்குமாடி ரோமின் பிரச்சினை. எறிந்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் அந்த வீட்டில் குடியிருப்பவன் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். ஒரு சுதந்திர மனிதன் செத்தால் ஐம்பது பொற்காசு. ஓரத்தில் தாத்தா எழுதியிருப்பது: "பிளாட், பூந்தொட்டி". சாட்ஸ்வொர்த் மாநகராட்சிக் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

"சுதந்திர மனிதன்" என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமை செத்தால் இழப்பு எஜமானுக்கு. இரண்டாவது தலைப்பில் ஒரு நாவிதர் கதை வருகிறது. சிலர் பந்து விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அடிமைக்குச் சவரம் செய்கிறார். பந்து வந்து கையில் அடிக்க, கத்தி கழுத்தில் இறங்கிவிடுகிறது. யார் பணம் கட்டுவது? பந்து போட்டவனா, அந்த இடத்தில் கடை போட்ட நாவிதனா? எவ்வளவு? கடந்த ஒரு வருஷத்தில் அந்த அடிமைக்கு இருந்த அதிகபட்ச விலை. ஆடுமாட்டைக் கொன்றாலும் கணக்கு இதுவே. சட்டக் கல்லூரிகளில் கவனக்குறைவுக்கு உதாரணமாக இதை ரசித்துச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அந்தக் கழுத்துக்குரியவன் பெயர் என்ன என்றுதான் கேட்கத் தோன்றியது. தாத்தா ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கேப்பில் அடிமைகளுக்கு டச்சுக்காரர்கள் வைத்த சட்டமும் ரோமாபுரியிலிருந்து எடுத்ததுதான். அடிமைத் தாயின் பிள்ளை அடிமை. அந்த அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் கரையின் பெயரை ஒட்டி எழுதிவைத்தார்கள். 1860 நவம்பர் 16-ல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மெட்ராசிலிருந்து டர்பனுக்கு வந்த நாளைத்தான் இங்கே நாம் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே இந்தப் புத்தகத்தின் விதிகளுக்குள் நம் ஆட்கள் விலைப்பொருளாக இருந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அதே கம்பெனி யாழ்ப்பாணத்தில் தமிழர் வழக்கம் என்ன என்று கேட்டு எழுதி, பன்னிரண்டு முதலியார்களிடம் சரிபார்த்து, 1707-ல் தேசவழமை என்று சட்டமாக்கியது. அதுவும் இலங்கையில் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஃபூட்டின் புத்தகமும் அதுவும் ஏறக்குறைய சம வயது.

அடுத்து, கல்யாணம். இருபத்துமூன்றாம் புத்தகம், இரண்டாம் தலைப்பு. இதில் தாத்தா பென்சில் அழுத்தத்தில் தாள் பள்ளமாகியிருக்கிறது.

என் மாமனாரின் அம்மா, வீட்டில் எல்லோருக்கும் ஆயா, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர். பதிவு கிடையாது. ஆயாவின் கணவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தபின் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றதும், காகிதத்தில் ஆயா மனைவி இல்லை, பிள்ளைகள் அப்பனுக்கு வாரிசு இல்லை. கழுத்தில் தாலியைக் காட்டினாராம். எழுத்தர் பார்க்கக்கூட இல்லை என்று மாமனார் சொல்வார். டச்சுச் சட்டத்தில் "தாய்க்கு முறைகேடான பிள்ளை கிடையாது" என்று ஒரு விதி உண்டு, ஆகவே ஆயாவின் வளையல்களுக்கு மட்டும் அவர்கள் வாரிசு. வீட்டுக்கு இல்லை.

இதன் வேர் என்ன என்று தாத்தாவைக் கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறக்காமலே மொடெஸ்டினஸ் என்ற ரோமானியரின் இலக்கணத்தைச் சொன்னார். திருமணம் என்பது ஆணும் பெண்ணும் சேர்வது, வாழ்நாள் முழுவதுக்குமான கூட்டு, தெய்வ முறையையும் மனித முறையையும் பகிர்ந்துகொள்வது. "இதுலே ரிஜிஸ்டர் எங்கே இருக்கு, சொல்லு பாப்போம்." இல்லைதான். பாதிரியார் முன்போ அதிகாரி முன்போதான் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது 1580-ல் ஹாலந்து போட்ட ஆணை, அவர்கள் ஊர்ச் சண்டைகளுக்காகப் போட்டது. அதன் நிழல்தான் நீண்டு மாரியம்மன் கோயில் வாசல்வரை வந்தது. 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சேர்ல், பலதார மணத்துக்கு இடம் கொடுக்கிற மதங்களின் முறைப்படி நடந்த கல்யாணத்தை இந்தச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நம் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். சிறையில் நோயுற்றுத் திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த வருஷமே வந்த சட்டம், ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் போட்டிருந்த மூன்று பவுன் வரியை நீக்கியது, கல்யாணங்களைப் பதிவு செய்ய வழி வைத்தது. பதிவு செய்யாமல் விட்டவர்கள் பாடு அதற்குப் பிறகும் ஆயா பாடுதான். கோயிலில் மட்டும் மணந்த இந்துப் பெண்ணும் உயிலில்லாமல் இறந்த கணவனுக்கு வாரிசான மனைவியே என்று டர்பன் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 2009-ஆம் வருஷத் தொகுப்பில்தான் இருக்கிறது. ஆயா அதைப் பார்க்கவில்லை.

மொடெஸ்டினஸ் வரிக்கு எதிரே தாத்தா எழுதியிருப்பது தமிழில்: "இது போதாதா?" அவ்வளவுதான். எந்த வழக்குக்காக எழுதினார் என்று கேட்டேன். ஒன்றா இரண்டா என்றார்.

அண்ணனுக்கு இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுதிக் காட்டினேன். பதிலுக்கு, விலை குறையும் அல்லவா என்று கேட்டார். குறையும்தான். பழம்புத்தக வியாபாரிகள் எதற்கும் "அரிய நூல்" என்று போட்டுவிடுவார்கள். ஃபூட் ஒன்றும் அவ்வளவு அரிதில்லை. பலமுறை அச்சான புத்தகம், உலகம் முழுக்கச் சட்ட நூலகங்களில் கிடக்கிறது. சுத்தம் செய்த ஃபூட் அந்தக் கூட்டத்தில் இன்னொன்று. லத்தீன் பக்கத்தில் "நாய்" என்று தமிழில் எழுதிய ஃபூட் இது ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேரரசர்களின் சட்டத்தை ஒரு கரும்புத் தோட்டத்துக் கொள்ளுப்பேரன் வருஷக்கணக்காக வெருலம் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு வேறு அத்தாட்சி இல்லை. அதை அழிப்பானால் தேய்த்து எடுக்க எனக்குக் கூலி வேண்டாம்.

கடைசியில் தாத்தாவே மகனைப் போனில் கூப்பிட்டுத் தீர்த்துவைத்தார். நான் இருக்கும்போது விற்காதே, போனபின் இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகள் கையில் கொடு என்றார். அண்ணன் முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

நான் செய்தது இவ்வளவு: பழைய சணல் கயிறுகளின்மேலேயே புதுத் தையல், துளைகளில் ஜப்பானியத் தாள், உதிர்கிற தோலை நிறுத்த ஒரு பூச்சு, ஒவ்வொரு தொகுதிக்கும் அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டி. பூஞ்சணத்தைத் தூரிகையால் எடுத்தேன், பென்சில் பக்கங்களில் மட்டும் தூரிகையையும் வைக்கவில்லை. புதுத் தோல் போடாததால் செலவு அண்ணன் பயந்ததில் பாதிகூட ஆகவில்லை.

நேட்டாலில் பழைய வக்கீல் வீடுகள் பல இப்போது காலியாகின்றன. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும். அலமாரியைக் காலி செய்கிறவர்கள் முதலில் ஓரங்களைப் பாருங்கள். கிழிந்திருந்தால் அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொள்ளலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அந்தப் பசையை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.